புல்கெண்டையும் அதனைப் பிடிக்கும் உபாயங்களும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கிராமக் குளத்தின் மீன்பாசிக் குத்தகையை எடுத்து நடத்தும் சங்கங்களில் அடிக்கடி நேரிடும் சச்சரவு ஒன்று உண்டு. குளம் நிறைந்தவுடன் குஞ்சுகளை எண்ணி விடுகிறார்கள். எத்தனை கட்லா, எத்தனை ரோகு, எத்தனை புல்கெண்டை என்று புஸ்தகத்தில் பதிவும் ஆகிறது. வருஷம் கழிந்து வலை இழுக்கும்போது கட்லாவும் ரோகுவும் ஏறக்குறைய எதிர்பார்த்தபடி ஏறுகின்றன. புல்கெண்டையோ நூறு விட்ட இடத்தில் இருபதுகூடக் காணப்படுவதில்லை. இரண்டாம் இழுப்பிலும் இல்லை. மாலைக்குள் ஊர் முழுவதும், காவற்காரன் இரவில் பிடித்து விற்றுவிட்டான் என்றோ, பஞ்சாயத்தார் ஒருவருடைய வீட்டுக்குப் போயிற்று என்றோ பேச்சு எழுகின்றது. அடுத்த வருஷம் பங்குப் பணம் கட்ட அங்கத்தினர் பின்வாங்குகிறார்கள். மீன் விஷயத்தில் தொடங்கிய சந்தேகம் நாணயக் கடன் விஷயத்திலும் புகுந்து, சங்கத்தையே குலைத்துவிடக் கூடும்.

களவு நடப்பதே இல்லை என்று யாரும் சொல்ல இயலாது. ஆயினும் பல சமயங்களில் மீன் குளத்திலேயே இருக்கின்றது. பிடிக்கும் வகை தெரியாமையே நஷ்டத்துக்குக் காரணம். கட்லாவுக்கு ஏற்ற வலைவீச்சும் ரோகுவுக்கு ஏற்ற இரையும் புல்கெண்டைக்குப் பயன்படா. அதன் ஊண் வேறு, சுபாவம் வேறு, அச்சம் வேறு. ஆகவே பிடிக்கும் உபாயத்தைச் சொல்லுமுன் அம்மீனின் வரலாற்றைச் சிறிது சொல்லுதல் அவசியமாகின்றது.

புல்கெண்டை இந்நாட்டு ஆறுகளில் பிறந்ததன்று. ஆசியாவின் கிழக்கே ஆமூர் நதி தொடங்கித் தென்சீனத்து ஆறுகள் வரையில் அதன் தாயகம். சீனர் பன்னெடுங்காலமாக அதனைக் குளங்களில் வளர்த்து வருகின்றனர். கி. பி. 618 முதல் 907 வரை அரசாண்ட தாங் வமிசத்து மன்னரின் குடும்பப் பெயரும் சாதாக்கெண்டையின் சீனப் பெயரும் ஒரே ஒலியாயிருந்தமையால் அக்கெண்டையை வளர்த்து விற்பது தடுக்கப்பட்டதென்றும், அதனால் குடியானவர் புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை முதலிய வேறு மீன்களை நாடினரென்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எப்படியாயினும், ஒரே குளத்தில் வெவ்வேறு இரை தின்னும் பல மீன்களைக் கூட்டி வளர்க்கும் முறை சீனத்தில் ஓங்கியது. இந்தியாவுக்குப் புல்கெண்டைக் குஞ்சுகள் 1959-ஆம் வருஷத்தில் ஹாங்காங்கிலிருந்து கட்டாக் நகரத்து மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டன.

இம்மீன் குளத்தில் தானாக இனம் பெருக்குவதில்லை. ஓடும் ஆற்றில், நீர் பெருகி வரும் காலத்தில், நீரோடு மிதந்து செல்லும் முட்டைகளை இடுவது அதன் இயல்பு. தேங்கிய நீரில் அது நிகழாது. ஹீராலால் சௌத்ரி, அலிக்குஞ்ஞி என்னும் இரு விஞ்ஞானிகள் 1957-ஆம் வருஷம் ஜூலை மாதம் 10-ஆம் தேதி ஒரிஸ்ஸாவிலுள்ள அங்குல் என்னும் ஊரில், மீனின் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் ஏற்றி இந்நாட்டுக் கெண்டை இனங்களை முட்டையிடச் செய்தார்கள். அதே வழியில் 1962-ஆம் வருஷத்தில் புல்கெண்டையும் கட்டாக்கில் முட்டையிட்டது. இன்று விற்கப்படும் குஞ்சுகள் யாவும் இவ்விதமாகப் பொரிப்பகங்களில் உண்டானவையே. இதிலிருந்து சங்கத்தார் அறியத்தக்கது ஒன்று. குளத்திலுள்ள புல்கெண்டை ஒவ்வொன்றும் காசு கொடுத்து வாங்கிய மீன். தானாய்ப் பெருகிய கணக்கு அதில் இராது. ஆகையால் விட்ட எண்ணிக்கைக்கும் பிடித்த எண்ணிக்கைக்கும் கணக்குப் பார்ப்பது புல்கெண்டையில் மற்ற மீன்களைவிட எளிது.

மீனும் ஐக்கிய சங்கமும் இம்மாகாணத்தில் ஒருவர் கையாலேயே வளர்ந்தன என்பது இங்கே நினைக்கத்தக்கது. ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் 1895-லும் 1897-லும் இரு பாகங்களாக வெளியிட்ட அறிக்கை 1904-ஆம் வருஷத்து ஐக்கிய நாணய சங்கச் சட்டத்துக்கு வழிகாட்டிற்று. அதே வருஷம் திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில் முதற்சங்கம் தோன்றிற்று. 1907-இல் சென்னையில் மீன் இலாகா ஏற்பட்டபோது அதன் தொடக்கப் பொறுப்பை வகித்தவரும் அவரே.

இனிப் புல்கெண்டையின் ஊணைப் பற்றி. விரலளவுக்கும் குறைந்த குஞ்சாயிருக்கையில் அது நீரிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்னும். சிறிது வளர்ந்தபின் பச்சையே பிரதான ஆகாரம். வாயில் பல்லில்லை. தொண்டையினுள் சீப்பைப் போன்ற பற்கள் இரு வரிசையாக அமைந்து, பாசியையும் புல்லையும் அறுத்து அரைக்கின்றன. வயிறென்று தனியே ஒரு பை இல்லை. நீண்ட குடல் மட்டுமே உண்டு. தின்றதில் பெரும்பகுதி முற்றும் சீரணமாகாமல் வெளியேறி நீருக்கு உரமாகின்றது. அவ்வுரத்தால் பெருகும் நுண்ணுயிரைக் கட்லாவும் வெள்ளிக்கெண்டையும் தின்று வளர்கின்றன. வெப்பமான நாட்களில், இரை கிடைக்குமாயின், ஒருநாளில் தன் எடைக்குச் சமமான பசும்பாசியையும் தின்றுவிடும். நன்றாகத் தீனி கிடைத்தால் வருஷத்தில் ஒரு கிலோவுக்கு மேல் எளிதில் வளரும். பல்லாண்டு விட்டால் முப்பது கிலோவுக்கு மேலும் போகக்கூடிய இனம் அது.

வேலம்பாசி அதற்கு மிக விருப்பம். நீர்மேல் மிதக்கும் சிறு பச்சைப் பாசிகளையும் அசோலாவையும் விரும்பும். வெங்காயத்தாமரையையும் ஆகாயத்தாமரையையும் பெரும்பாலும் தொடாது, வேறு ஒன்றும் கிடையாதபோது வேரைச் சிறிது கடிப்பதோடு சரி. ஆதலால் வெங்காயத்தாமரை மூடிய குளத்தைப் புல்கெண்டை சுத்தம் செய்துவிடும் என்று யாரேனும் சொன்னால் அதனை நம்பிப் பணம் செலவிட வேண்டாம். அக்களையை ஆள் விட்டு வாரி எறிவதே வழி. கரையிலிருந்து இடத்தக்க தீனிகளில் நேப்பியர் புல், கினிப்புல், குதிரைமசால், சர்க்கரைவள்ளிக் கொடி, வாழையின் இளம் இலை ஆகியன ஏற்றவை. பூச்சி மருந்து தெளித்த வயலின் வரப்புப் புல்லை மட்டும் ஒருபோதும் இடலாகாது. மருந்து தெளித்த புல்லைத் தின்ற மீன் ஒரே இரவில் செத்து மிதக்கக் கூடும், சாகாது தப்பிய மீனைத் தின்பவர்க்கும் தீங்கு உண்டாகலாம்.

இந்த ஊண் இயல்பே பிடிக்கும் உபாயத்துக்கு மூலம். குளத்தில் வேலம்பாசி காடாய் மண்டியிருக்கும்போது தூண்டிலில் எந்த இரையை மாட்டினும் புல்கெண்டை மதியாது. சோறு நிறைந்த வீட்டில் பிச்சைச் சோற்றை எவன் நாடுவான்? ஆகவே முதல் வேலை, குளத்தில் பாசி குறைந்த காலத்தைத் தெரிந்துகொள்வது. பாசி தீர்ந்து, கரையிலிருந்து இடும் புல்லையே மீன் எதிர்பார்த்திருக்கும் குளத்தில் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

இரண்டாவது, தீனியை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இடுவது. நான்கு மூங்கிற் கழிகளைச் சதுரமாகக் கட்டி, பக்கத்துக்கு ஆறு அல்லது எட்டடி இருக்கும்படி நீரில் மிதக்கவிட்டு, ஒரு முளையில் கயிற்றால் பிணித்து, புல்லை அச்சட்டத்தினுள் போட வேண்டும். புல் குளம் முழுதும் சிதறாது. எவ்வளவு தின்றது, எவ்வளவு மிஞ்சிற்று என்பதும் கண்ணுக்குத் தெரியும். பத்து நாள் தவறாது இப்படி இட்டால், தீனிவேளையில் மீன்கள் சட்டத்தின் அருகே வந்து காத்திருக்கக் காணலாம். புல்லின் நுனி மேலே அசைவதும், திடீரென்று உள்ளே இழுபட்டு மறைவதும் புல்கெண்டையின் அடையாளம்.

தூண்டிலுக்கு இரைகள் பல உண்டு. எல்லாவற்றிலும் எளியது அம்மீன் பழகிய புல்லே. இளம்புல்லின் நுனிகளை நான்கைந்து சேர்த்து, இரண்டு அங்குல நீளத்தில் நறுக்கி, முள்ளின் தண்டோடு நூலால் கட்டி, கூரும் புல்லுக்குள் மறையும்படி செய்து மிதக்கவிட வேண்டும். வேறு தீனிக்குப் பழகாத மீனுக்கு இதைவிட நல்ல இரை இல்லை. ஆனால் ஒரு குறை உண்டு. சட்டத்தினுள் அதே புல் குவிந்து கிடக்கையில் தூண்டிற்புல்லைத்தான் மீன் எடுக்க வேண்டுமென்ற நியதி இல்லை. அன்றைத் தீனியை நிறுத்தி, ஒரு பிடி மாத்திரம் தூவி, அதனிடையே தூண்டிலைச் சேர்த்தால் பலிக்கும்.

மக்காச்சோளம் மற்றொரு நல்ல இரை. இரவெல்லாம் ஊறவைத்து, நகத்தால் அழுத்தினால் நசுங்கும்படி வேகவைக்க வேண்டும். வேகாத தானியத்தைக் குளத்தில் கொட்டுவது மீனுக்கு நன்மை தராது. மூன்று மணிகளை முள்ளில் கோத்தால் போதும். மஞ்சள் நிறம் கலங்கல் நீரிலும் ஓரளவு தெரியும். இதற்கு முன்னதாக மூன்று நாள், அதே இடத்தில், அதே நேரத்தில் இரண்டு கைப்பிடி வெந்த சோளம் தூவிவர வேண்டும். அதிகம் தூவுதல் தவறு. வயிறார உண்ட மீன் முள்ளை நாடாது, மிஞ்சியது அழுகி நீரையும் கெடுக்கும்.

கோதுமை மாவைக் குளிர்ந்த நீர் விட்டுப் பிசைந்து, சிறிது கடலைப் பிண்ணாக்குத் தூளும் தவிடும் சேர்த்து, கையில் ஒட்டாத பதத்தில் கோலிக்குண்டளவு உருட்டி மாட்டுவது பலருக்கும் பழக்கமான வழி. இவ்வுருண்டையைச் சாதாக்கெண்டையும் ரோகுவும் முந்திக்கொண்டு கவ்வும் என்பதே இதில் தொல்லை. புல்கெண்டையை மாத்திரம் விரும்புவோர் அடியில் கிடக்கும் இரையை விட்டு மிதக்கும் இரையை நாடுவது மேல். ரொட்டியின் மேல்தோல் மிதக்கும். அதனை ஒரு கணம் நீரில் நனைத்தால் வீசுவதற்குப் போதிய கனமும் உண்டாகும். சிறு தக்காளிப் பழத்தையும் அது நன்றாக எடுக்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஈரோடு ஜில்லாக்களில் பட்டுப்புழுவுக்காக முசுக்கட்டை பயிரிடும் தோட்டங்களுக்கு அருகில் குளமிருந்தால், அச்செடியின் இளந்தழையும் கனிந்த பழமும் இரையாக உதவும். மண்புழுவைப் புல்கெண்டை சில சமயம் கவ்வினும், அதற்குமுன் விராலும் கெளுத்தியும் வந்துவிடும். வாசனைத் தைலம், கடையில் விற்கும் ரகசியப் பொடி முதலியவற்றுக்குக் காசு கொடுப்பது வீண்.

இரையைவிடப் பெரியது பொறுமை. புல்கெண்டையைப் போல அஞ்சும் குளத்து மீன் வேறில்லை. கரையில் தடதடவென்று நடந்தால் அந்த அதிர்ச்சி நீரில் தெரியும், மீன் ஆழத்துக்குப் போய்விடும். வெள்ளை வேஷ்டி வெயிலில் பளிச்சிட்டாலும், மனிதனின் நிழல் நீரில் விழுந்தாலும் அப்படியே. கரையின் விளிம்பிலிருந்து நான்கைந்து அடி பின்தள்ளி, ஒரு செடி மறைவில், சூரியனுக்கு எதிர்முகமாக உட்கார வேண்டும். பேச்சு மெதுவாயிருக்கட்டும். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் மிதக்கும் தீனி ஒதுங்கும். மீனும் அங்கேயே வரும். அக்கரையே உட்காரத் தக்க இடம். பலர் நிழலையும் சௌகரியத்தையும் பார்த்து எதிர்க்கரையில் உட்கார்ந்து பொழுதைக் கழிப்பது வேடிக்கையே.

நேரமும் பார்க்க வேண்டும். வெயில் ஏறி நீர் சற்று வெதுவெதுப்பான முற்பகலும், வெயில் தாழ்ந்த மாலையும் நல்ல வேளைகள். மார்கழி, தை மாதக் குளிரில் மீனின் பசி மந்திக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குவதைக் கண்டு, நல்ல சமயம் என்று தூண்டிலை வீசுவோர் உண்டு. அது பசியன்று. இரவெல்லாம் பாசியும் மீனும் நீரிலுள்ள பிராணவாயுவைச் செலவிட்டமையால் விடியலில் நீர் மூச்சுக்குப் போதாமற் போகின்றது. அந்த வேளையில் எந்த இரையையும் மீன் எடுக்காது. சங்கத்தார் உடனே செய்யத்தக்கது, புதுநீர் விடுவதும், தீனியையும் எருவையும் நிறுத்துவதுமே.

தூண்டிற் சாமான் பலமாயிருக்க வேண்டும். நரம்பு உறுதியுள்ளதாயும், இருபது கஜத்துக்குக் குறையாமல் ஓர் உருளையில் சுற்றியதாயும் இருப்பது நலம். ஈயக்குண்டு வேண்டியதில்லை. நெட்டித் துண்டு ஒன்று தக்கைக்குப் போதும். உருளையில்லாத வெறுங்கழியால் பெரிய புல்கெண்டையைக் கரை சேர்க்க முயல்வது முள்ளையும் மீனையும் ஒருங்கே இழப்பதற்கு வழி. மீன் இரையை மெல்ல உதட்டால் தொட்டுப் பார்க்கும். தக்கை சற்று அசைந்தவுடன் சுண்டி இழுப்பவர் கையில் வெறும் முள்ளே வரும். தக்கை ஒரே திசையில் நகர்ந்து செல்லத் தொடங்கியபின் உறுதியாக, ஆனால் வெட்டி இழுக்காமல், கழியை உயர்த்த வேண்டும்.

அதற்குமேல் நடப்பதுதான் புதியவரை ஏமாற்றுவது. முள் பட்ட புல்கெண்டை ஒரு மரக்கட்டையைப் போல எதிர்ப்பின்றி வந்துகொண்டேயிருக்கும். பிடிப்பவர், மீன் களைத்துவிட்டது என்று நினைத்துக் கரையருகே குனிவார். மனிதனைக் கண்ட அக்கணமே மீன் திரும்பிப் பாய்ந்து, நீருக்கு மேலும் துள்ளி, நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே கரையை நெருங்கும்போதே நரம்பை இளக்கத் தயாராயிருக்க வேண்டும். இரண்டு மூன்று பாய்ச்சல்களுக்கு இடம் கொடுத்து, அது பக்கவாட்டில் சாய்ந்தபின்பே கோலிக் கொள்ளலாம். அகன்ற வாயுள்ள கைவலையை முன்னதாகவே நீருக்குள் அமிழ்த்தி வைத்து, மீனை அதன்மேல் கொண்டுவந்து தூக்குவது முறை. வலையை மீனின்மேல் வீசுவது கூடாது. எடைக்குக் குறைந்த மீனாயின், நனைத்த கையால் பிடித்து முள்ளை எடுத்து உடனே நீரில் விட வேண்டும். காய்ந்த கையும் சூடான மணலும் செதிலின் மேலுள்ள வழுவழுப்பை நீக்கிவிடும். அப்படி விட்ட மீன் புண்பட்டு நான்கு நாளில் இறந்தாலும் இறக்கும்.

தூண்டில், வீட்டுக் குழம்புக்கும் வாரச்சந்தைக்கும் உதவுமேயன்றிக் குளத்து மகசூலை எடுக்க உதவாது. அதற்கு வலை வேண்டும். புல்கெண்டை காணாமற்போகும் கதையும் வலையிலேதான் பிறக்கின்றது. இழுவலை நெருங்கி வருவதை அது வெகுதூரத்திலேயே உணர்ந்து, வலையின் இரு முனைகளுக்கும் கரைக்கும் இடையே சந்து தேடும். சந்து கிடையாவிட்டால் வலையின் மேற்கயிற்றைத் தாண்டித் துள்ளும். ஒன்று துள்ளினால் மற்றவையும் தொடரும். ஆட்கள் கூச்சலிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு நிமிஷத்தில் சங்கத்தின் ஒரு வருஷத்துப் பணம் வலைக்குப் பின்னே போய்விடுகின்றது.

இதற்குப் பரிகாரம் கடினமன்று. வலை இழுப்பதற்கு முந்திய தினம் தீனி இடலாகாது. பாசி, முள், கட்டை எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். இல்லாவிடில் அடிக்கயிறு தூக்கி, அதன்கீழ் மீன் தப்பும். மடை இருந்தால் நீரைக் கூடியவரை குறைப்பது நலம். வலை குளத்தின் அகலத்தைவிட நீளமாயும், நீரின் ஆழத்தைவிட உயரமாயும் இருக்க வேண்டும். வலை நீரில் வயிறுதள்ளி வளைந்தே வருமாதலால், சரியளவான வலை பற்றாது. இழுக்கும் காலம் விடியற்பொழுது, ஏனெனில் மீனைக் குளிர்ந்த வேளையில் சந்தைக்கு அனுப்பலாம். ஆட்கள் ஓடாமல் ஒரே சீராக நடந்து இழுக்க வேண்டும். கடைசி இருபதடி தூரம் வந்ததும், இடையிடையே நிற்கும் ஆட்கள் மேற்கயிற்றை நீருக்கு மேல் இரண்டு மூன்றடி உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஆட்கள் மிகுதியாயிருந்தால், முதல் வலைக்குப் பத்தடி பின்னே இரண்டாவது வலை ஒன்றையும் கொண்டுவரலாம். முதலாவதைத் தாண்டியது இரண்டாவதில் அகப்படும். பெரிய மீன் துள்ளி மார்பிலும் முகத்திலும் மோதுவதுண்டு. ஆகவே வலை சுருங்கும் இடத்தில் சிறுவரை நிற்கவிடலாகாது.

முதல் இழுப்பே சிறந்த இழுப்பு என்பதை மறக்கலாகாது. வலையை அறிந்துகொண்ட மீன் அன்று மறுபடி ஏமாறுவது அரிது. நாள் முழுதும் குளத்தைக் கலக்கிக் கொண்டேயிருந்தால் மீதி மீன் அகப்படாமற் போவதோடு, சேற்றில் மூச்சுத் திணறிச் சாகவும் கூடும். ஓரிரண்டு இழுப்போடு நிறுத்தி, சில தினம் தீனியிட்டு அமைதியாக விட்டுப் பின்னர் முயல்வதே விவேகம்.

பெரிய வலையும் ஆட்களும் இல்லாத சிறு சங்கங்களுக்கு மற்றொரு முறை உண்டு. முன்சொன்ன தீனிச் சட்டத்தின் அடியில் சதுரமான வலையொன்றைத் தரையோடு பரப்பி, நான்கு மூலைகளிலும் கயிறு கட்டி, நான்கு முளைகளின் மேல் வழியாகக் கரைக்குக் கொண்டுவந்து விடுவது. முளைகளும் கயிறும் புதியனவாய் இருக்கும்வரை மீன் அருகில் வராது. பத்துப் பதினைந்து தினம் அவற்றைத் தொடாமல் தீனி மட்டும் இட்டுவந்தால் அச்சம் தெளியும். பிறகு ஒருநாள், மீன் கூடித் தின்னும்போது, நால்வர் ஒரே சமயத்தில் கயிற்றை இழுத்து வலையைத் தூக்க வேண்டும். குளத்தைக் கலக்காமல், வேண்டிய எண்ணிக்கையைப் பிடித்து, சிறியவற்றை விட்டுவிட இது மிக அனுகூலமானது. நால்வரும் ஒரே சமயத்தில் இழுக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மூலை பிந்தினால் அந்த மூலை வழியே கூட்டம் முழுதும் போய்விடும்.

வீச்சுவலை, ஆழமில்லா நீரில் தீனியிடத்தின்மேல் வீசினாலன்றிப் புல்கெண்டைக்கு அதிகம் உதவாது. செவுள்வலையில் மாட்டிய மீன் துடித்துப் புண்பட்டு விலை குறையும். கோடையில் நீர் முழங்காலளவுக்கு வற்றியபோது மிஞ்சிய மீனை ஊத்தா போட்டுப் பிடிக்கலாம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் ஊரார் யாவரும் ஒருங்கே கண்மாயில் இறங்கும் மீன்பிடித் திருவிழாவின் உற்சாகம் அழகியதே. ஆனால் சங்கம் முதல் போட்டு வளர்த்த குளத்தை அப்படித் திறந்துவிடுமுன் தன் வலையிழுப்பை முடித்துக்கொள்வது நியாயம்.

நேர்வாளம், காக்காய்க்கொல்லி முதலிய நச்சுக் காய்களை அரைத்துக் கலப்பதும், வெடி வைப்பதும் சில இடங்களில் மறைவாக நடக்கின்றன. 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டம் முதற்கொண்டே நஞ்சிட்டும் வெடிவைத்தும் நீர்நிலையில் மீன் பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம். குஞ்சு விடுமுன் விரால் முதலிய கொல்மீன்களை அகற்ற, மீன் துறையார் ஆலோசனையின்படி இலுப்பைப் பிண்ணாக்கு இடுவது வேறு விஷயம். அதன் நஞ்சு இரண்டு மூன்று வாரத்தில் நீங்கி எருவாகிவிடும். அதுவரை அக்குளத்து நீரைக் கால்நடைக்குக் காட்டலாகாது, குஞ்சும் விடலாகாது.

புல்கெண்டை காணாமற்போகும் வழி இன்னொன்றும் உண்டு. பெருமழையில் கலிங்கு வழிந்தால் நீரோடு மீனும் போகும். வரத்துக்காலிலும் கலிங்கிலும் சன்னக் கம்பிவலையோ மூங்கிற்றட்டியோ நிறுத்தி, மழைக்காலத்தில் அதில் அடையும் செத்தையை நாள்தோறும் நீக்க வேண்டும். அடைபட்ட தட்டி வெள்ளத்தில் பெயர்ந்துவிடும். அப்படித் தப்பிய மீன் அண்டை வயலில் புகுந்தால் நெல் நாற்றையும் தின்னும். ஆற்றில் சேர்ந்தால் அங்குள்ள மீன்கள் முட்டையிடும் பாசியை அழிக்கும். தாமரையோ அல்லியோ பயிரிட்டு வருமானம் பெறும் குளத்தில் புல்கெண்டை விடவே கூடாது.

பிடித்த மீனைச் சமைப்பது குறித்து ஒரு முக்கிய எச்சரிக்கை. இதன் தசை வெண்மையானது, உண்ணத்தக்கது. நடுவே கவையாய்ப் பிரிந்த சிறு முட்கள் உண்டாகையால் குழந்தைகளுக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஆனால் பித்தப்பை நஞ்சு. கண்பார்வைக்கும் வாதத்துக்கும் மருந்தென்று கெண்டைமீனின் பித்தத்தைப் பச்சையாய் விழுங்கும் வழக்கம் ஆசியாவின் பல இடங்களில் இருந்து வந்திருக்கின்றது. அதனால் சிறுநீரகம் பழுதுபட்டும், ஈரல் கெட்டும் உயிருக்கு ஆபத்து நேர்ந்திருக்கின்றது. புல்கெண்டை இவற்றில் முக்கியமானது. சமைத்தாலும் அந்நஞ்சு முற்றும் நீங்குவதில்லை. மீனைக் கீறும்போது பித்தப்பையை உடையாமல் எடுத்துப் புதைத்துவிட வேண்டும். அறியாமல் விழுங்கியவரை, வாந்தியும் வயிற்றுவலியும் தானே நிற்கும் என்று காத்திராமல், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இறுதியாக, முதலிற் சொன்ன சச்சரவுக்கு வருவோம். நூறு மீனில் இருபதே வலையேறிற்று, எண்பது எங்கே என்ற கேள்வி எழும் தினத்தில் காவற்காரனைக் கூப்பிட்டு விசாரிக்குமுன் ஒரு காரியம் செய்யலாம். இரண்டு தினம் குளத்தை அசையாமல் விட்டு, மூன்றாம் நாள் மாலை பசும்புல்லை நிறுத்துச் சட்டத்தில் இட வேண்டும். மறுநாள் மாலை, அங்கத்தினர் இருவர் முன்னிலையில், மிஞ்சியதை நீர் வடித்து நிறுக்க வேண்டும். கரையிலிருந்து ஆடு மாடு தொடாதபடி ஒருவர் காவல் இருக்கட்டும். நான்கைந்து தினம் இவ்வாறு எழுதிவந்தால், ஐந்து கிலோ தின்னும் குளமா, ஐம்பது கிலோ தின்னும் குளமா என்பது விளங்கும். அத்தொகையைக் கொண்டு மீனின் எண்ணிக்கையைத் துல்லியமாய்ச் சொல்லிவிட முடியாது. ஆனால் இருபது போக எண்பது இருக்கின்றதா, அன்றி ஒன்றுமே இல்லையா என்பதை அறிய அது போதும். புல் தீர்ந்துகொண்டேயிருந்தால், அடுத்த வலையிழுப்புக்கு இரண்டாவது வலையைக் கடன் கேட்டு அண்டைச் சங்கத்துக்கு எழுதலாம்.